விசையும் விளக்கும்

கணினியில் தமிழ் தட்டெழுதும் அன்பர்கள் அனைவரும் அறிந்த இடர் ஒன்று உண்டு. 'அம்மா' என்று எழுதக் கருதித் தமிழ்99 முறையில் நான்கு விசைகளைத் தட்டுவோம். நிமிர்ந்து திரையை நோக்கினால் ஏ, கே, கே, க்யூ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாய் நிற்கும். விரல்கள் சென்றது சரியான இடத்துக்குத்தான். விசைப்பலகை அந்நேரம் எந்த மொழியில் இருந்தது என்பதைத்தான் எவரும் நமக்குச் சொல்லவில்லை.

ஒரே பலகையில் இரு மொழிகள் குடியிருக்கும்போது, இப்பொழுது வீட்டில் இருப்பது யார் என்பதை அறிவிக்க ஓர் அடையாளம் வேண்டும். விசைகளுக்குக் கீழே வண்ண விளக்குகள் எரியும் மடிக்கணினிகளும் விசைப்பலகைகளும் இன்று எளிதாய்க் கிடைக்கின்றன. அவ்விளக்கின் நிறத்தை நாமே எழுதிய ஒரு சிறு கட்டளைவரிக் கருவியால் மாற்றி, தமிழுக்கு ஒரு நிறம், ஆங்கிலத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ள இயலும். கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு அவ்வரலாற்றில் சொந்தம் கொண்டாட நிறையவே உண்டு என்பதால் அதனை இங்கே தொகுத்துக் காண்போம்.

விளக்கு வேண்டாத பொறி

தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்பெறும் ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். சிங்கப்பூரில் பணியாற்றிய காலத்தில் தமிழுக்கான விசைப்பலகையை வகுத்தார். அவர் வகுத்தபடியே ஜெர்மனியில் பொறிகள் செய்யப்பட்டன.

அவர் முன் நின்ற சிக்கல் எளிதன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என நம் எழுத்துகள் 247. வடவெழுத்துகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். தட்டச்சுப்பொறியிலோ, ஒரு விசைக்கு மேல் கீழ் என இரண்டு குறிகள் வைத்தாலும், தொண்ணூறு குறிகளை ஒட்டியே இடம் உண்டு. முத்தையா எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். புள்ளி போன்ற மேற்குறிகளுக்கு 'நகரா விசை' என்னும் உத்தியைக் கையாண்டார். அவ்விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும். உருளை மட்டும் நகராது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அதே இடத்தில் வந்து அமரும். எனவே தட்டச்சில் புள்ளி முன்னே, எழுத்து பின்னே. கையால் எழுதும் முறைக்கு இது நேர்மாறு. எனினும் தட்டச்சு பயின்ற விரல்கள் அதனையே இயல்பாகக் கொண்டன.

அப்பொறிக்கு விளக்கு தேவைப்படவில்லை. தமிழ்ப் பொறி தமிழை மட்டுமே அடிக்கும். ஆங்கிலம் வேண்டுமானால் பக்கத்து மேசைக்குப் போக வேண்டும். காரைக்குடி உள்ளிட்ட நம் ஊர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பொறிகள் வரிசையிட்டிருந்ததை நாற்பது கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அரசின் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பயில்வோர் விசைகளைப் பாராமலே அடிக்கப் பழகினர். எழுத்து எங்கே இருக்கிறது என்பதை விரலே அறியும். எந்த மொழி என்பதைப் பொறியே சொல்லும்.

தட்டச்சுப்பொறியின் இட நெருக்கடி, எழுத்தின் வடிவம் பற்றிய வாதங்களுக்கும் வலுவூட்டியது. பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் 13 எழுத்துகளை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலியன இன்றைய வடிவம் பெற்றது அவ்வாறே. அச்சுக்கும் தட்டச்சுக்கும் தனி வார்ப்புகள் குறையும் என்பது அச்சீர்திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பொறியின் வசதி மொழியின் வரிவடிவத்தையே தொடும் என்பதற்கு இது சான்று. பலகை பற்றிய முடிவுகளைப் பொறிவல்லார் மட்டுமே எடுக்கட்டும் என்று தமிழ் கற்றோர் ஒதுங்கியிருத்தல் ஏன் தகாது என்பதற்கும் இதுவே சான்று.

மூன்று சிறு விளக்குகள்

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் விசைப்பலகையில் விளக்கே கிடையாது. பேரெழுத்துப் பூட்டு விழுந்திருக்கிறதா இல்லையா என்பதை ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 1984இல் வந்த ஏ.டி. வகைக் கணினியின் பலகையில் பேரெழுத்துப் பூட்டு, எண் பூட்டு, உருள் பூட்டு என்னும் மூன்றுக்கும் மூன்று சிறு விளக்குகள் அமைந்தன.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பலகை பேசும், கணினி கேட்கும். இப்போது கணினியும் பலகைக்குச் செய்தி அனுப்பலாயிற்று. பதினாறடி எண்முறையில் 'ஈ.டி.' என்று குறிக்கப்பெறும் கட்டளையைக் கணினி அனுப்பும். பலகை 'பெற்றேன்' என்று விடை தரும். அதன்பின் கணினி ஓர் எண்ணை அனுப்பும். உருள் பூட்டு விளக்குக்கு 1, எண் பூட்டுக்கு 2, பேரெழுத்துப் பூட்டுக்கு 4. ஐந்தை அனுப்பினால் முதலும் மூன்றும் எரியும். வண்ண விளக்குகளை ஆளும் இன்றைய கருவிகள் அனைத்துக்கும் வித்து இதுவே.

பூட்டு விழுந்தால்தான் விளக்கு எரிய வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை என்பதையும் நோக்குக. விளக்கை ஏற்றுவது கணினியின் விருப்பம். லினக்ஸ் முனையத்தில் 'செட்லெட்ஸ்' என்னும் கட்டளை அவ்விருப்பத்தைப் பயனர் கையில் தந்தது. வரைகலைச் சூழலில் 'செட்எக்ஸ்கேபிமேப்' என்னும் கட்டளைக்கு ஒரு விருப்பத்தேர்வு உண்டு. அதனை இட்டால், இரண்டாம் மொழியின் விசையமைப்பு நடப்பில் இருக்கும்போது உருள் பூட்டு விளக்கு எரியும். எவரும் பயன்படுத்தாது கிடந்த அவ்விளக்குக்கு அப்படியொரு பயன் வாய்த்தது. மொழியை ஒளியால் உணர்த்தும் எண்ணம் வண்ணப் பலகைகளுக்கு முன்பே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

பலகைக்குள் புகுந்த இலக்கணம்

கணினியில் தமிழ் நுழைந்த கதையில் தனியாட்களின் உழைப்பே முன்னிற்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைப்பை உருவாக்கி, 1995இல் இணையத்தில் தமிழ் ஏற வழிவகுத்தார். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்ததோடு, 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி நம் இலக்கியங்களை மின்னூல்களாக்கினார். ஆனால் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம், மென்பொருளுக்கு ஒரு விசையமைப்பு என்று பெருகியதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலையும் வந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட்99' மாநாட்டை அடுத்து, அவ்வாண்டிலேயே தமிழக அரசு தமிழ்99 விசையமைப்பை ஏற்றது. இவ்வமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்தன. வகரமும் ஙகரமும் மட்டும் இடமின்றி இடப்பக்கத்துக் கீழ்வரிசையில் ஒதுங்கின.

தமிழாசிரியரை மகிழ்விக்கும் நயம் இதனுள் ஒன்று உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தொல்காப்பியத்தின் நூன்மரபு பேசும் மெய்ம்மயக்கம், உடனிலையாகவும் வேற்றுநிலையாகவும் இங்கே விதிகளாய் நிற்கிறது. 'சங்கம்' என எழுத ச, ங, க, ம, புள்ளி என ஐந்து தட்டுகள் போதும். 'மமதை' போன்ற சொற்களில் இரு மகரங்களுக்கிடையே அகரத்தைத் தட்டி, புள்ளி ஏறாமல் தடுக்க வேண்டும். அத்தகைய சொற்கள் தமிழில் அரியன. ஆகவே இழப்பு சிறிது, பயன் பெரிது. மொழியில் மிகுதியாக வருவது எது, அருகி வருவது எது என்னும் கணக்கறிந்து செய்த அமைப்பு இது.

ஆயினும் பிறிதொரு சிக்கல் எழுந்தது. தமிழ்99இன் எழுத்துகள் பொறித்த பலகை கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. நம் மேசைகளில் இருப்பவை ஆங்கிலம் மட்டும் பொறித்தவை. எழுத்தும் தெரியாது, நடப்பு மொழியும் தெரியாது என்னும் இருள் இரட்டிப்பாயிற்று. புதியவர் பலர் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டும் முறைக்குப் போனதற்கு இது முதன்மையான காரணம் என்பது நம் கருத்து.

வீட்டில் செய்த கருவிகள்

இவ்விருளில் விளக்கேற்றியோர் பெரும்பாலும் ஊதியம் கருதாத ஆர்வலர்கள். முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் அளித்த எ-கலப்பையால் 2000களில் எழுதத் தொடங்கியோர் ஏராளம். அதன் தொடக்கப் பதிப்புகள் 'கீமேன்' என்னும் பொறியின்மேல் அமைந்தவை. அந்தக் கீமேனும் ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்பவர் 1993இல் லாவோ மொழி எழுதுவதற்காகச் செய்ததே. ஒரு சிறு மொழிக்காக ஒருவர் செய்த கருவி, கடல்கள் கடந்து தமிழுக்கும் ஏராக ஆயிற்று. அதிராம்பட்டினத்து உமர் தம்பி 'தேனீ' எழுத்துருவையும் ஒருங்குறியில் எழுதும் கருவியையும் செய்து எல்லோர்க்கும் இலவசமாய் வழங்கினார், 2006இல் மறைந்தார். அவர் தந்த கருவியால் எழுதியோர் பலருக்கு அவர் முகம் தெரியாது.

இக்கருவிகளில் எந்த மொழி நடப்பில் உள்ளது என்பதைத் திரையின் ஒரு மூலையில் நிற்கும் சிறு அடையாளமே சொல்லும். கண்கள் வரியில் இருக்கையில் அம்மூலையை எவர் நோக்குவர்? விரலருகே ஒளி இருந்தால் ஓரக்கண்ணே அறியும்.

நிறம் வந்த வழி

சிவப்பு ஒளியுமிழும் டையோடு கண்ணுக்குப் புலப்படும் வகையில் 1962இல் வந்துவிட்டது. நீலம் மட்டும் பிடிபடாதிருந்தது. செம்மை, பசுமை, நீலம் மூன்றும் கூடினாலன்றிப் பிற நிறங்களைக் கலந்து காட்ட இயலாது. 1993இல் ஜப்பானின் ஷூஜி நகமுரா ஒளிமிக்க நீல டையோடைத் தந்தார். அகசாகி, அமானோ ஆகிய இருவரோடு அவர்க்கு 2014இல் நோபல் பரிசு கிட்டியது.

இடையில் 2003இல் ஆப்பிள் நிறுவனத்தின் 17 அங்குலப் பவர்புக் மடிக்கணினி, சூழலின் இருளுக்கேற்பத் தானே ஒளிரும் விசைப்பலகையோடு வந்தது. அது ஒற்றை நிறம். ஒவ்வொரு விசைக்கும் வெவ்வேறு நிறம் தரும் பலகைகளைக் கோர்சேர், ரேசர் முதலிய நிறுவனங்கள் 2014இல் விளையாட்டாளர்க்கென விற்றன. நோபல் பரிசு ஆண்டும் அதுவே என்பது ஒரு பொருத்தம்.

விளக்கை வாங்கியவர்க்கு அதன் கடிவாளம் கிட்டவில்லை. நிறத்தை மாற்ற அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அது பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸ் பயனர்கள் தாமே வழி கண்டனர். நிறுவன மென்பொருள் பலகைக்கு அனுப்பும் செய்திகளை இடைமறித்துப் படித்து, எந்த எண்ணுக்கு எந்த நிறம் எனப் பொருள் பிரித்தனர். உரையாசிரியர் துணையின்றி மூலபாடத்தைப் படிக்கும் வேலைக்கு ஒப்பானது அது. 'ஓப்பன்ரேசர்', 'சி.கே.பி.-நெக்ஸ்ட்', 'ஓப்பன்ஆர்ஜிபி' ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் அவ்வாறு பிறந்தவை. 2020இல் வெளிவந்த லினக்ஸ் கருனியின் 5.9ஆம் பதிப்பு பல்வண்ண விளக்குகளுக்குப் பொதுவான ஒரு வாயிலை அமைத்தது. 2023இல் விண்டோஸ் 11உம் தன் அமைப்புகளுக்குள்ளேயே ஒளியை ஆளும் வசதியைச் சேர்த்தது. ஆர்வலர் முன்னே சென்றனர், நிறுவனம் பின்னே வந்தது.

இருபது வரிகளில் ஒரு விளக்கு

இனி, கருவி இயங்கும் விதம். லினக்ஸில் விளக்குகளும் கோப்புகளாகவே தோன்றும். 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'லெட்ஸ்' என்று சென்றால், கருனி அறிந்த விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைவு இருக்கும். விசைப்பலகை விளக்கின் பெயரில் 'கேபிடி பேக்லைட்' என்னும் சொல் காணப்பெறும். உள்ளே 'பிரைட்னஸ்' கோப்பில் ஒளியின் அளவு. பல்வண்ண விளக்காயின் 'மல்ட்டி இன்டென்சிட்டி' கோப்பில் மூன்று எண்கள். அவற்றுள் எது சிவப்பு, எது நீலம் என்பதை 'மல்ட்டி இண்டெக்ஸ்' கோப்பு சொல்லும். வரிசை எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்குமென்று கொள்ளாமல் அதனை முதலில் படிப்பது முறை.

அடுத்து மொழியை அறிதல். 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டுச் சட்டகத்தில் 'ஐபஸ் எஞ்சின்' என்று கட்டளையிட்டால் நடப்பிலுள்ள முறையின் பெயர் விடையாய் வரும். தமிழ்99இன் தானியங்கு புள்ளி விதிகளைத் தாங்கிய 'எம்17என்' தொகுப்பைப் பயன்படுத்துவோர்க்கு, அப்பெயரில் தமிழைக் குறிக்கும் ஈரெழுத்து இருக்கும். இருந்தால் மூன்று எண்களை ஒருவிதமாகவும், இல்லையேல் வேறுவிதமாகவும் எழுதுக. இதனை நொடிக்கு ஓரிரு முறை செய்க. கருவி முற்றிற்று. இருபது வரிகளுக்கு மேல் ஆகாது.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லப்பட வேண்டும். அவ்விளக்குக் கோப்புகளில் எழுதும் உரிமை நிர்வாகிக்கே உண்டு. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் உரிமை தரும் விதியை அமைத்தல் நன்று. கருவி முழுவதையும் நிர்வாகி உரிமையில் ஓட்டுதல் தகாது. மேலும், கருனி காட்டாத விளக்கை எட்ட, பொருள் தெரியாத எண்களை வன்பொருளுக்குக் கண்மூடித்தனமாய் அனுப்புதல் கணினியையே கெடுக்கலாம். நிறத் தேர்விலும் கவனம் வேண்டும். சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தெரியும் கண்ணுடையோர் நம்மிடையே உள்ளனர். நீலமும் மஞ்சளும் பெரும்பாலோர்க்கு ஏற்கும்.

இடம், நடு, வலம் எனப் பகுதிகளாக விளக்கமைந்த மடிக்கணினிகளில் மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. தமிழ்99இல் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் அல்லவா? இடப்பகுதிக்கு ஒரு நிறமும் வலப்பகுதிக்கு மற்றொரு நிறமும் தந்தால், எழுத்துப் பொறிக்கப்படாத பலகையிலும் உயிரும் மெய்யும் பிரிந்து தோன்றும். விசைதோறும் நிறம் தரும் பலகையாயின், இடம் மாறி நிற்கும் வகரத்தையும் ஙகரத்தையும் மெய்யின் நிறத்திலேயே காட்டலாம். வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்று நிறமாகவும் பிரிக்கலாம். ஆங்கிலம் மட்டும் பொறித்த பலகையின்முன் அமரும் மாணவருக்கு இதனினும் எளிய பாடம் வேறில்லை.

இரண்டு முத்தையாக்கள்

செட்டிநாட்டில் முத்தையா என்றால் தட்டச்சின் தந்தை நினைவுக்கு வரமாட்டார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் தம் வாழ்நாளெல்லாம் நூலும் இதழும் நாடக அறிக்கையும் சேர்த்துவைத்த ரோஜா முத்தையாவே நினைவுக்கு வருவார். அவர் 1992இல் மறைந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. ஒருவர் தம் வீட்டில், தம் பொருளில் செய்தது பின்னர் உலகத்துக்கே உரியதாயிற்று.

இவ்விருவரையும் எ-கலப்பைக் குழுவினரையும் உமர் தம்பியையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணும்போது ஒன்று புலனாகிறது. தனியாள் செய்வது நிலைக்க வேண்டுமானால் பிறர் அதனை எடுத்து நடத்தும்படி விட்டுச்செல்ல வேண்டும். கோட்டையூர்த் தொகுப்புக்கு ஒரு நூலகம் வாய்த்தது. 1990களின் தனித்தனிக் குறியேற்றங்களில் தட்டெழுதப்பெற்ற கட்டுரைகளும் கதைகளும் ஆய்வேடுகளும் அத்தகைய பேறு பெறவில்லை. எழுத்துரு கிடைக்காமல், மாற்றுக் கருவியும் இல்லாமல், அவற்றுள் பல இன்று திறந்தாலும் படிக்க முடியாத குறிக்கூட்டங்களாய்க் கிடக்கின்றன. ஓலைச்சுவடியை அரித்தது செல். மின்சுவடியை அரிப்பது, மூலநிரலைப் பூட்டிவைத்த வழக்கம்.

ஆதலால் விசைப்பலகை விளக்குக்கென இருபது வரி எழுதுவோரும் மூன்றைச் செய்ய வேண்டுகிறோம். நிரலைத் திறந்து வையுங்கள். எந்தக் கணினியில் சோதித்தது, எந்தக் கோப்பில் எழுதுகிறது என்பதை நிரலுக்குள்ளேயே தமிழில் குறித்து வையுங்கள். பிறர் திருத்திப் பயன்படுத்த இசைவளிக்கும் உரிமத்தைச் சேருங்கள். தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பிய ஊர் காரைக்குடி. அவ்வூர்க் கல்லூரிகளின் கணினியறைகளில், எந்த விசையில் ழகரம் இருக்கிறது என்று மாணவர் தேடாத நிலையை உருவாக்குவதும் அத்தொண்டின் தொடர்ச்சியே. இவ்வாண்டு முதலாண்டு மாணவர்க்குத் தமிழ்99 கற்பிக்கவிருக்கும் ஆசிரியர்கள், முதல் வகுப்பிலேயே பலகையின் இருபுறமும் இரு நிறம் ஏற்றிப் பார்க்கலாம். வண்ண விளக்கில்லாப் பலகையாயின் இரு நிறத் தாள் ஒட்டுகளும் போதும்.